காய்ச்சல் விட்டு ஐந்து மாதம்: ராணுவ முகாமிலிருந்து ஒரு கடிதம்

வளைகுடா நாடொன்றில் உள்ள அமெரிக்க ராணுவ முகாமின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் 36 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இவர் சிப்பாய் அல்ல, துணை ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம் டூட்டி. ஐந்து மாதங்களுக்கு முன் கோவிட் வந்து ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்தார். ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 14 நாள் தனி அறை, அதன்பின் நேராக வேலை. அதே வாரத்தில் காய்ச்சலில் படுத்த அறைத்தோழர் திரும்பி வரவில்லை.

மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமில்லை. பாட்டு கேட்பதைக்கூட விட்டுவிட்டார். பலகை எண்களை மறந்து சரக்கை மாற்றி வைக்கிறார், குளியலறையில் அழுகிறார், வீட்டு அழைப்புகளை எடுப்பதில்லை. இழந்த தெம்பை மீட்கத் தினமும் மாலை ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார், மறுநாள் எழ முடிவதில்லை. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை நண்பரிடம் வாங்கி ஆறு வாரமாக இரவில் போடுகிறார். இருமலுக்கு மாண்டெலுகாஸ்டும் சாப்பிடுகிறார். ‘எனக்கு மனபலம் குறைவா? இது கோவிட் களைப்பா, வேறா? கிளினிக்கில் சொன்னால் காண்ட்ராக்டை முறித்து அனுப்பிவிடுவார்களே, ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் இருக்கிறதே’ என்று கேட்கிறார். கடைசி வரி: ‘தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது.’

நண்பரே, நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். விழிக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு மனச்சோர்வு நோயின் அறிகுறி. காய்ச்சலில் உடம்பு நடுங்குவது போல, இந்த நோயில் மனம் இப்படி நினைக்கும். அதற்காகக் கூச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்: நானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தேனா? எப்போது என்று நினைத்தேனா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் இதை மேலே படிக்காமல் இன்றே முகாம் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை தனியாக இருக்காதீர்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றாலும், கையில் சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நினைப்பு அலை போல ஏறி இறங்கும். அது ஏறும் நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிக்கின்றன.

கிளினிக் வாசலுக்குப் போகவே பயமாக இருந்தால், அமெரிக்க முகாம்களில் சாப்ளின் எனப்படும் ராணுவக் குருமார் இருப்பார்கள். எந்த மதத்தவரும், எந்த மதமும் இல்லாதவரும் அவர்களிடம் பேசலாம். சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது அவர்கள் பணிவிதி. உங்கள் வீட்டார் இந்தியாவில் இருந்தால் 14416, இலங்கையில் இருந்தால் 1926 என்ற அரசு மனநல எண்களில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

மனபலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை

2020 மார்ச்சில் தியோடோர் ரூஸ்வெல்ட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் கோவிட் பரவியது. கப்பலில் இருந்த சுமார் 4,800 பேரில் 1,200க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பெரும்பாலும் இளைஞர்கள், உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கிருமி அதையெல்லாம் பார்க்கவில்லை. நோய்க்குப் பின் வரும் சோர்வும் அப்படித்தான். கொள்ளைநோய்க் காய்ச்சலைத் தொடர்ந்து மனம் தளர்வதை 1889–92 ஃப்ளூ காலத்திலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1918 ஃப்ளூவுக்குப் பின் மனம் பிறழ்ந்த நூறு நோயாளிகளைப் பற்றி கார்ல் மென்னிங்கர் 1919இல் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

உங்களிடம் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கிருமியை எதிர்க்க உடல் மூட்டிய அழற்சி, ஆக்ஸிஜன் தட்டுப்பாடு, ஸ்டீராய்டு நிறுத்தியதும் வரக்கூடிய மனச்சரிவு, தூக்கக் கேடு. இவற்றோடு, கூட இருந்தவர் இறந்துபோன துக்கம். அவருக்காக நீங்கள் உட்கார்ந்து அழவே இல்லை. உடம்பு தேறியதும் டூட்டி, துக்கத்துக்கு நாள் ஒதுக்கப்படவில்லை. ‘நான் பிழைத்தேன், அவர் போய்விட்டார்’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது குற்றமல்ல. ஆனால் மனச்சோர்வு அதைக் குற்றமாகக் காட்டும்.

களைப்பா, மனச்சோர்வா?

உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர்த் திசையில் போகும்.

கோவிட் வந்து மூன்று மாதம் ஆகியும் அறிகுறிகள் இருந்து, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, அதற்கு வேறு விளக்கமும் இல்லையென்றால் அதைக் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. மனச்சோர்வுக்கு அளவுகோல் வேறு. இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, மனம் வாடியிருக்க வேண்டும் அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, தன்னை இழிவாக நினைப்பது, சாவு நினைப்பு போன்றவற்றையும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்.

கிளினிக்கில் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நீட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் போனால் மிதமான மனச்சோர்வு, 20 அல்லது அதற்கு மேல் கடுமையானது என்பது வழக்கமான கணக்கு. ஆனால் களைப்பு, தூக்கம், பசி, கவனம் ஆகிய நான்கும் கோவிட்டாலேயே ஏறிவிடும். அதனால் மொத்தத்தைவிட முதல் இரண்டு கேள்விகளும் (பிடிப்பின்மை, வாட்டம்), ஆறாவதும் (தன்னைப் பற்றிய இழிவு), ஒன்பதாவதும் (சாவு நினைப்பு) எனக்கு முக்கியம். ஒன்பதாவதில் பொய் சொல்லாதீர்கள். மற்றதில் கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் பாதகமில்லை.

சுலபமான அடையாளம் ஒன்று சொல்கிறேன். வெறும் களைப்பாளி, ‘ஆசை இருக்கிறது, உடம்பு வரவில்லை’ என்பார். மனச்சோர்வாளி, ‘உடம்பு வந்தாலும் ஆசை இல்லை’ என்பார். பாட்டு கேட்பதற்குத் தெம்பு தேவையில்லை. அதையே விட்டுவிட்டீர்கள் என்பதால்தான் இது களைப்பு மட்டும் அல்ல என்கிறேன்.

நீங்கள் செய்வது தலைகீழ்

களைத்த உடம்பை ஐந்து கிலோமீட்டர் விரட்டுகிறீர்கள். துவண்ட மனதை மட்டும் போர்வைக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ‘உழைத்தால் தெம்பு வரும்’ என்பது ஆரோக்கியமான உடம்புக்குச் சொன்னது. கோவிட்டுக்குப் பின் சிலருக்கு, முயற்சி செய்த 12 முதல் 72 மணி நேரத்துக்குள் எல்லா அறிகுறிகளும் ஒன்றாக மோசமாகும். செவ்வாய் ஓடினால் புதனோ வியாழனோ விழுவீர்கள், ஓட்டத்தின் மேல் சந்தேகமே வராது. ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள்.

பத்து நாளுக்கு ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். என்ன வேலை, எத்தனை நிமிடம், அன்றும் அடுத்த இரண்டு நாளும் உடம்பு எப்படி என்று மூன்று கட்டம் போதும். அதிலிருந்து உங்கள் எல்லை தெரியும். பிறகு அந்த எல்லையில் முக்கால்வாசியிலேயே நிற்பது முறை. களைப்பு வந்தபின் உட்காருவதல்ல, வருமுன் உட்காருவது. எடையைத் தூக்கும் வேலைகளை அடுத்தடுத்து வைக்காமல் இடைவெளி விடுங்கள். குனிந்து செய்வதை உட்கார்ந்து செய்யுங்கள். குறிப்பேட்டில் இரண்டு வாரம் சறுக்கலே இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம்.

மனதுக்கு நேர்மாறு. அங்கே ‘தோன்றினால் செய்வேன்’ என்று காத்திருக்கக்கூடாது, மனச்சோர்வில் தோன்றவே தோன்றாது. உடம்பை வருத்தாத, பத்து நிமிடத்தில் முடிகிற இரண்டு காரியங்களை முதல் நாளே எழுதி, குறித்த நேரத்தில் செய்யுங்கள்: ஒரு பாட்டு, ஒருவரோடு உட்கார்ந்து டீ, சவரம், மனைவிக்கு ஐந்து நிமிட அழைப்பு. இன்பம் கிடைத்ததா என்று பார்க்க வேண்டாம், செய்தோமா என்று மட்டும் டிக் அடியுங்கள். இன்பம் சில வாரம் கழித்துத்தான் வந்து சேரும்.

பையில் இருக்கும் மாத்திரைகள்

மாண்டெலுகாஸ்ட் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தூக்கக் கேடு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துத் தாளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் உங்கள் நிலையில், ‘இந்த மாத்திரை எனக்குத் தேவைதானா’ என்பதுதான் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும். அலர்ஜி மாத்திரையோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் இது வரும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆப்பிரிக்க முகாம்களில் இருப்பவர்கள் மலேரியாத் தடுப்புக்கு மெஃப்ளோகுயின் சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். 2013 முதல் அதற்கும் அதே போன்ற எச்சரிக்கை உண்டு.

அல்பிரசோலம் பெரிய தொல்லை. ஆறு வாரம் தினமும் போட்டபின் திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பே வரும். எனவே இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கிப் போடாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் மிச்சமிருக்கும், அதோடு ஃபோர்க்லிஃப்ட் ஏறுவது உங்களுக்கும் எதிரே நிற்பவருக்கும் ஆபத்து. இன்னொன்று, வளைகுடா நாடுகளில் அல்பிரசோலமும், வலிக்குத் தரும் டிரமடால், கோடீன், ப்ரீகபாலினும் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உங்கள் பெயரில் சீட்டு இல்லாமல் பையில் இருந்தால் வழக்காகும். நண்பர் நல்ல எண்ணத்தில் கொடுத்திருக்கலாம், போலீசுக்கு அது தெரியாது.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

இரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரக நிலை). ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிட்டுப் போவதுண்டு, அதன் சோர்வையும் மனச்சோர்வென்றே எழுதிவிடுவார்கள். விரலில் ஆக்ஸிஜன் அளவை உட்கார்ந்தும், நாற்காலியில் ஒரு நிமிடம் எழுந்து உட்கார்ந்தபின்னும் பாருங்கள். மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலை இன்னும் பார்க்க வேண்டும். படுத்திருந்து எழுந்து பத்து நிமிடம் நிற்கும்போது இரத்த அழுத்தம் விழாமல் நாடித்துடிப்பு மட்டும் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடினால் அது தனிப் பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு. வைட்டமின் ஊசி போட்டால் எல்லாம் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். குறை இருந்தால் போடலாம். குறை இல்லாதவருக்கு அது விலை கொடுத்து வாங்கும் சிறுநீர்தான்.

மருந்து என்று வந்தால் பொதுவாக செர்ட்ராலின் அல்லது எஸ்சிட்டலோபிராம் தருவார்கள். முதல் வாரம் பாதி அளவு (25 அல்லது 5 மில்லிகிராம்), பிறகு 50 அல்லது 10. முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றோட்டம், கொஞ்சம் படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். பலர் பத்தாவது நாளில் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள், அதாவது தொந்தரவை மட்டும் அனுபவித்து, பலன் வரும் நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். தேறியபின்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போதும் படிப்படியாக. இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. உங்களிடம் உள்ள அல்பிரசோலம்தான் அந்த ரகம். தாம்பத்திய நாட்டம் குறையலாம். அதை வெட்கப்படாமல் சொன்னால் மருந்தை மாற்ற வழியிருக்கிறது.

பாலைவன வெயிலில் வேலை செய்பவருக்குச் சில தனி எச்சரிக்கைகள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் வியர்வையைத் தடுத்து வெப்பத்தாக்குதலை வரவழைக்கும், வெயிலில் வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செர்ட்ராலின் வகை மருந்துகள் சிலருக்குச் சோடியத்தைக் குறைக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டு தலைவலி, குழப்பம் வந்தால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை மருந்தோடு முதுகுவலிக்கு இப்யூபுரூஃபனையும் தினமும் விழுங்கினால் வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் சிரப் இரண்டையும் இவற்றோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது.

வேலை போகுமா?

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். சில மேலாளர்கள் அனுப்பத்தான் பார்ப்பார்கள். ஆனால் மனச்சோர்வு என்ற சொல் வந்தாலே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பதும் சரியல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டுதல் முக்கியமாகத் தடுப்பது மனப்பிறழ்வு, இருதுருவ நோய் போன்றவற்றை. மற்றவற்றில் மூன்று மாதம் நிலையாக இருக்கிறாரா என்று பார்ப்பதே வழக்கம். மறைத்து வைத்து, தூக்க மாத்திரை மந்தத்தில் சரக்கைச் சரித்து, விபத்து விசாரணையில் வெளிவந்தால் கதை வேறு. அப்போது உங்கள் பக்கம் நிற்க ஒரு தாளும் இருக்காது.

எனக்குச் சரியாகப் படும் வழி, சிகிச்சை தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் குறைந்த பணி கேட்பது. டாக்டர்கள் ‘லைட் டூட்டி’ என்று இரண்டு சொல் எழுதித் தருவார்கள், சூப்பர்வைசர் அதைத் தன் விருப்பம்போலப் படிப்பார். எனவே விவரமாக எழுதச் சொல்லுங்கள்: எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நண்பகல் வெயில் கூடாது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது, இரவு ஷிஃப்ட் கூடாது, நான்கு வாரத்தில் மறுபரிசோதனை. அங்கே முடியவில்லையென்றால் மருத்துவ விடுப்பில் வீடு திரும்புவது இரண்டாவது வழி. எந்த நிலையிலும் ‘சொந்த விருப்பத்தில் ராஜினாமா’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் இழப்பீட்டு வழக்கில் நிறுவனம் முதலில் நீட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

இழப்பீடா என்று கேட்பீர்கள். அமெரிக்க ராணுவ ஒப்பந்தங்களில் வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு 1941இல் வந்த டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற சட்டம் உண்டு. எந்த நாட்டுக்காரரானாலும், துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தாலும் இது பொருந்தும். பணியால் வந்த நோய்க்கு மருத்துவச் செலவும், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்க வழியிருக்கிறது. அந்த நோயால் விளைந்த மனநோயும் அதில் அடங்கும். முகாமில்தான் தொற்றியது என்று காட்ட வேண்டும், காப்பீட்டு நிறுவனம் மறுக்கும், வாதம் நடக்கும். எளிதென்று நினைத்து இறங்க வேண்டாம். நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க எல்எஸ்-201 படிவம், அமெரிக்கத் தொழிலாளர் துறையில் கோர எல்எஸ்-203. நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு தெரிந்ததிலிருந்து 30 நாளில் அறிவிப்பு, ஓராண்டில் கோரிக்கை என்றே கணக்கு வையுங்கள். மெதுவாக வெளிப்படும் தொழில்நோய்க்குக் கூடுதல் காலம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். கோவிட்டுக்கு ஏற்கனவே 30 நாள் கடந்திருந்தாலும், தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமிருப்பதால் இப்போதே கொடுங்கள். கோரிக்கை வைத்ததற்காக வேலைநீக்கம் செய்வது அந்தச் சட்டப்படியே தவறு. வழக்கறிஞரின் கட்டணத்தை அதிகாரிகள் அங்கீகரிக்க வேண்டும், முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை நிறுவனம் பிடித்து வைப்பதையும், தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையும் அமெரிக்க ஒப்பந்த விதிகள் தடை செய்கின்றன. உங்கள் ஏஜென்ட் கடன் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

மனைவியிடம் என்ன சொல்வது

அழைப்பை எடுக்காமல் இருப்பதால் அவர் கவலைப்படாமல் இருக்கிறார் என்று எண்ணுகிறீர்கள். அவர் இதைவிட மோசமானவற்றைக் கற்பனை செய்துகொண்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் கொட்ட வேண்டாம். ‘கோவிட்டுக்கு அப்புறம் மனசு சரியில்லை, அதுக்கு வைத்தியம் இருக்குதாம், டாக்டரைப் பாக்கப் போறேன், தினமும் இந்த நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூப்பிடறேன், பேச முடியலன்னா சும்மா இருப்பேன், நீ பேசு’ என்பது முதல் நாளுக்குப் போதும். பணம் பற்றிய பேச்சை இந்த ஐந்து நிமிடத்துக்குள் விடாதீர்கள், அதற்கு வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: கோவிட் பரிசோதனை முடிவு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், எல்லா மாத்திரை அட்டைகளும் (அல்பிரசோலத்துக்குச் சீட்டு இல்லாததால் அதன் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள்), டூட்டி அட்டவணை, மேலே சொன்ன குறிப்பேடு. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து மனைவிக்கும் அனுப்பிவிடுங்கள். உள்ளே போனதும் பேச்சு வராமல் போகலாம். அதனால் எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முதலில் அதையே டாக்டரிடம் நீட்டுங்கள்.